மாலைக்குக் கீழே ஒரு மூச்சு

விழுப்புரம் பக்கத்துக் காணை ஊர் சீனுவாசன் போன கார்த்திகை மாதம் கிளியனூரில் செத்துப்போனார். செத்த பிறகு எழுந்து முகம் கழுவி, கொடுத்த தக்காளி சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, திண்டிவனம் வந்து விழுப்புரம் பஸ் ஏறி வீடு திரும்பினார். வழி முழுக்க முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் யோசித்தது ஒன்றுதான்: இதை மனைவி அம்சாவிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது.

செத்தது சினிமாவில். சினிமா என்பதும் கொஞ்சம் தாராளமான சொல்தான். திண்டிவனத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஆனந்தராஜ், தன்னுடைய கேமராவையும் கிளியனூரில் இருக்கும் தங்கை வீட்டையும் நம்பி ஒரு கிறிஸ்துமஸ் குடும்பப் படம் எடுத்தான். பெயர் ‘நட்சத்திரம் மாட்டிய வீடு’. வீட்டைப் பிரிப்பதில் சண்டை போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்ட இரண்டு மகன்கள், பண்டிகைக்குள் அவர்களைச் சேர்த்துவைக்கப் பார்க்கும் அப்பா சூசை, இவ்வளவுதான் கதை. திண்டிவனத்தில் சர்ச் பக்கத்து மண்டபத்தில் ஒரு தடவை திரையிடுவது, அன்றைக்கே யூடியூபில் ஏற்றுவது என்று திட்டம். அந்தச் சூசைதான் சீனுவாசன்.

கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிர் வைக்கும், பெருமாளைக் கும்பிடும் குடும்பத்து மனிதருக்கு இந்த வேஷம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய தாடி. முந்தின வருஷம் அம்சாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு வளர விட்டது. நெஞ்சு வரை இறங்கி, உரித்த பஞ்சு மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் லென்ஸ் வழியாக அதைப் பார்த்த ஆனந்தராஜுக்கு ஒட்டுத்தாடிச் செலவு மிச்சம் என்று பட்டது. ஏழுமலையானுக்குப் போக வேண்டிய முடியை ஏசுநாதருக்கு வாடகைக்கு விட்டவர் என்று காணையில் கேலி பேசினார்கள். சீனுவாசனுக்கு அதில் பெருமையே தவிர வருத்தமில்லை.

அவர் சகுனம் பார்க்காதவர் என்று ஊரில் பேர் வாங்கியவர். பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி ஒரு பீடி பற்ற வைப்பார். கேட்டால் பீடிக்காக நிறுத்தினேன், பூனைக்காக அல்ல என்பார். வாலிபத்தில் கடவுள் இல்லை என்று மேடைக்குக் கீழே நின்று கை தட்டியவர், மனைவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பெருமாளுக்கு முடி நேர்ந்துகொண்டார். இரண்டும் அவருக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன.

அம்சாவிடம் இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அவள் பயந்தால் முழுசாகப் பயப்படுவாள். அதற்கு அவளிடம் காரணமும் இருந்தது. அவளுடைய அப்பா செஞ்சிப் பக்கத்தில் வார்டு தேர்தலில் ஜெயித்தபோது வாழ்த்து பேனர் அடிக்கக் கொடுத்தார்கள். பேனர் கடைக்காரர் அவசரத்தில் கண்ணீர் அஞ்சலிக்கு வைத்திருந்த படத்திலேயே பேரை மாற்றிப் போட்டுவிட்டார். ‘வெற்றி வாகை சூடிய’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் நீர் சொட்டும் இரண்டு கண்கள். ஊரே சிரித்தது, எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அந்த அப்பாதான். பொங்கலுக்குள் போய்விட்டார். இரண்டாவது தடவை பேனர் அடிக்கும்போது கடைக்காரருக்கு அதிகம் வேலை இருக்கவில்லை.

இது போதாதென்று, விக்கிரவாண்டியில் ஒரு ஜோசியர் சீனுவாசனின் ஜாதகத்தைப் பார்த்து, ஐம்பத்தொன்பதில் ஒரு கண்டம், சித்திரை தாண்டிவிட்டால் பயமில்லை என்று சொல்லியிருந்தார். அந்த ஐம்பத்தொன்பதுதான் நடந்துகொண்டிருந்தது. ஆகவே நடிக்கப் போகிறேன் என்று புருஷன் வந்து நின்றபோது அம்சா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

“அழுவுங்க, சிரிங்க, இன்னா வேணா பண்ணுங்க. சாவ மட்டும் கூடாது. மாலைய போட்டுக்கினு படுக்கக் கூடாது.”

கற்பூரம் ஏற்றி, அதன் மேல் கையால் அடித்து அணைக்கச் சொன்னாள். நம்பிக்கையில்லாதவருக்குச் சத்தியம் சுலபம். அடித்து அணைத்தார். தவிர, அப்போதைய கதைப்படி சூசை சாகவே இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் படுத்திருந்து, பண்டிகைக் காலையில் கண் விழிப்பதாகத்தான் இருந்தது.

கதை மாறியது அவர் கிளியனூருக்குப் போய் இறங்கிய பிறகுதான். படம் பிடிக்க எந்த ஆஸ்பத்திரியும் இடம் தரவில்லை. தருகிறேன் என்றவர்கள் கேட்ட வாடகைக்கு இன்னொரு படமே எடுக்கலாம். யோசித்து யோசித்து ஆனந்தராஜ் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்: ஆஸ்பத்திரியைவிடச் சாவு மலிவு. கட்டில் வீட்டிலேயே இருக்கிறது. வெள்ளை வேட்டி, மெழுகுவத்தி, ஒரு சம்பங்கி மாலை வாங்கினால் முடிந்தது. சவப்பெட்டிக்கும் கேட்டுப் பார்த்திருக்கிறான். வாடகைக்குக் கொடுக்கிற வழக்கமில்லை, இதுவரைக்கும் கொண்டுபோன யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம்.

அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஏன் வரவில்லை என்பதற்கு, மாலை வாங்கியாகிவிட்டது, அழுவதற்கென்று பெண்கள் வேலையை விட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்றெல்லாம் சீனுவாசன் பிற்பாடு காரணம் சொன்னார். உண்மை வேறு. சாகிற காட்சியில்தான், ஐயா, ஒரு நடிகன் யாரென்று தெரியும் என்று ஆனந்தராஜ் சொன்னதில் அவர் விழுந்துவிட்டார்.

கண்ணை மூடிப் படுத்த பிறகுதான் பயம் வந்தது. மாலையின் ஈரம் சட்டையைத் தாண்டி நெஞ்சில் ஏறியது. மெழுகுப் புகை மூக்கில் நெடி ஏற்றியது. தலைமாட்டில் உட்கார்ந்து அழுதவள் ஆனந்தராஜின் தங்கை கலையரசி. அவளுடைய மாமனார் போன வருஷம் அதே கட்டிலில்தான் உயிரை விட்டார் என்பது சீனுவாசனுக்குத் தெரியாது. கலையரசி படத்துக்காக அழ ஆரம்பித்து, பாதியிலேயே நிஜத்துக்குப் போய்விட்டாள். கூட இருந்த பெண்களும் அவளோடு போய்விட்டார்கள். இப்படி அழுகை கிடைக்காது என்று ஆனந்தராஜ் கேமராவை நிறுத்தாமல் விட்டுவிட்டான்.

“எங்கள வுட்டுட்டுப் பூட்டியே மாமா” என்று அவள் நெஞ்சில் அறைந்துகொண்ட சத்தம் கேட்டபோது, சீனுவாசனுக்குக் காதில் விழுந்தது அம்சாவின் குரல். எழுந்திருக்க நினைத்தார். கை வரவில்லை. கை வராதது நடிப்பினாலா, வேறெதனாலா என்று அவருக்கே தெரியவில்லை. தம் கட்டியிருந்த மூச்சு அந்த நிமிஷத்தில் அவரைக் கேட்காமல் வெளியே போய், உள்ளே வந்து, மறுபடி வெளியே போனது.

வீட்டுக்கு வந்ததும் அம்சா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து விசாரித்தாள். ஆஸ்பத்திரி சீன் நல்லா வந்துது என்றார். அவள் கை நீட்டி அவர் தாடிக்குள்ளிருந்து எதையோ எடுத்தாள். ஒரு சம்பங்கிப் பூ. கட்டுக் கழன்று உள்ளே சிக்கியிருக்கிறது. பண்டிகைப் படமாச்சே, வீடு பூரா பூதான் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அம்சா அந்தப் பூவை முகர்ந்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட அவருக்கு அந்தச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் முதல் இடது மார்பில் ஏதோ குத்தியது. மோட்டார் போடக் குனிந்தால் குத்தும். பீடி இழுத்தால் குத்தும். அதைப் பற்றி யோசிக்காமல் இருந்தால் குத்தாது, ஆனால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு வாயு என்றார் டாக்டர். மூடநம்பிக்கைக்கு எதிராக இத்தனை வருஷம் பேசிய மனிதர், கையில் இருந்த ஈசிஜியை நம்பாமல் சம்பங்கி மாலையை நம்பிக்கொண்டு வீடு திரும்பினார். சாவைவிட, சத்தியத்தை மீறிச் செத்தது அம்சாவுக்குத் தெரிந்தால் அவள் என்ன ஆவாள் என்பதுதான் அவரை அதிகமாக அரித்தது. ஆபரேஷன் ஆன உடம்பு. பயத்தில் சாப்பாட்டை நிறுத்திவிடுகிற ஜாதி. அவர் செத்தாலும் சாகாவிட்டாலும் சித்திரை வரைக்கும் அவள் தினம் ஒரு தடவை செத்துக்கொண்டிருப்பாள்.

படம் திரையிடும் நாள் வந்தது. அம்சாவும் வருகிறேன் என்று புடவை எடுத்து வைத்தாள். பகலில்தான் மோட்டார் ஓடுகிற மும்முனைக் கரண்ட் விடுகிறார்கள், கரும்புக்குத் தண்ணி பாய்ச்ச ஆள் வேண்டும் என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டுத் தனியாகப் போனார்.

மண்டபம் நிறைந்திருந்தது. படம் ஓடியபோது சீனுவாசன் திரையைப் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களைப் பார்த்தார். மகன்கள் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் கோடு கிழிக்கும் காட்சியில் சில பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். சவுக்குக் கிளையை நட்டுக் கிறிஸ்துமஸ் மரம் என்று காட்டியபோது பின்வரிசை விசிலடித்தது. கண்ணீர் மல்க ஜெபம் செய்யும் இடத்தில் பாண்டிச்சேரி ரோட்டில் போன பஸ்ஸின் ஹாரன் மூன்று தடவை கேட்டது. பஞ்சுப் பனி கொட்டியபோது, திண்டிவனத்தில் இந்த மாசம் புயல்தானே வரும் என்று யாரோ நியாயமாகவே கேட்டார்கள்.

பிறகு சாவு. கலையரசியின் அழுகைக்கு மண்டபமே அமைதியானது. சீனுவாசனுக்கு ஒரு கணம் பயம் விட்டு, நடிகன் என்ற நினைப்பு வந்தது. அந்தக் கணத்தில் பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

“செத்த ஆளுக்கு மாலை ஏறி எறங்குது பாருடி.”

மண்டபமே வெடித்துச் சிரித்தது. திரையில் சம்பங்கி மாலை மேலே போய்க் கீழே வந்தது. துக்கம் தாங்காமல் அழுதவர்களும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

வெளியே வந்த பிறகு ஆளுக்கொரு பேச்சு. குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்றார் ஒருவர். குடும்பத்தோடு பார்த்ததால்தான் பாதியில் எழுந்து போக முடியவில்லை என்றார் அவர் மச்சான். ஒரு ரிட்டயர்டு வாத்தியார், பிறப்பைக் கொண்டாடும் பண்டிகைப் படத்தில் சாவு எதற்கு என்று கேட்டுவிட்டு, அந்தச் சாவு இல்லாவிட்டால் படத்தில் ஒன்றுமே இல்லை என்றும் அவரே சொன்னார். யூடியூபிலும் இதே கதைதான். கோட்டக்குப்பம் அமீர் பாட்சா என்று ஒருவர் துபாயிலிருந்து, எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கிடையாது, ஆனால் இதே சண்டை இருக்கிறது, பார்த்து அழுதேன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே இன்னொருவர், நானும் அழுதேன், போன ஒரு மணி நேரத்தை நினைத்து என்று எழுதியிருந்தார்.

ஆனால் இரண்டு கட்சியும் ஒத்துப்போன விஷயம் ஒன்று இருந்தது: பெரியவர் மூச்சு விடுகிறார். அந்தத் துண்டை மட்டும் யாரோ வெட்டி வாட்ஸப்பில் விட்டார்கள். ஒரு நாளில் அது விக்கிரவாண்டி தாண்டி விழுப்புரம் வந்துவிட்டது. படம் நன்றாக வந்திருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். மோசமாக வந்திருந்தாலும் மறந்திருப்பார்கள். இப்படி ரெண்டுங்கெட்டானாக வந்ததால் வாய்க்கு வாய் போய்க்கொண்டிருக்கிறது.

ஆனந்தராஜ் அதைவிட நொந்துபோயிருந்தான். சாயந்திரத்துக்குள் அந்த ஷாட்டை அசையாத படமாக நிறுத்தி, பழசை எடுத்துவிட்டுப் புதுசை ஏற்றப் போவதாகப் போனில் சொன்னான்.

“இனிமே ஒரு அசைவு இருக்காதுங்க ஐயா. அப்பிடியே கல்லு மாதிரி கெடப்பீங்க.”

சீனுவாசன் சரி என்றார். அசையாவிட்டால் சிரிப்பு நிற்கும், சிரிப்பு நின்றால் துண்டு வீடியோவும் ஓயும், ஓய்ந்தால் அம்சா வரைக்கும் வராது என்று கணக்குப் போட்டார்.

கணக்கு அரை நாள் பிந்திவிட்டது. பக்கத்து வீட்டு முனியம்மாள் காலையிலேயே போனும் கையுமாக வந்து, உன் புருஷனைப் பாரு, வயிறு வலிக்கச் சிரிச்சேன் என்று அம்சாவிடம் காட்டிவிட்டுப் போயிருந்தாள்.

சீனுவாசன் கழனியிலிருந்து வந்தபோது அம்சா அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வழக்கத்தைவிடப் பெரிதாகக் குங்குமம், தாலியில் புதுசாக மஞ்சள். எதிரே அரிசி டின்னில் சாய்த்து வைத்த போன். பக்கத்தில் மகள் கலைப்பிரியா, விழுப்புரத்தில் ஜவுளிக்கடை வேலைக்குக்கூடப் போகாமல். அவருக்கு மார்பில் குத்தியது, இந்தத் தடவை வாயு என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாத மாதிரி.

“ஆஸ்பத்திரி சீன் எங்கன்னு தேடிக்கினு கீறேன்” என்றாள் அம்சா, தலையைத் தூக்காமல். “கெடைக்கல.”

அவர் கற்பூரம் அணைத்த கையைத் தன்னையறியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கலைப்பிரியாதான் நடந்ததைச் சொன்னாள். முதல் தடவை பார்த்ததும் அம்மா பேச்சு மூச்சில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாளாம். தண்ணீர்கூட இறங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், ஜனங்கள் எழுதியிருந்ததை இவள் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். சாவா இது, வயிறு ஊதுது. பிணத்துக்கு மேல்மூச்சு வாங்குது. இவரைப் புதைத்தால் போலீஸ் கேஸ் ஆகும். நாலைந்து படித்த பிறகு அம்மா போனைக் கொடு என்று வாங்கினாளாம். அதிலிருந்து அந்த ஒரு இடத்தையே ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இங்க வந்து பாரு” என்றாள் அம்சா. கோபத்தில் ‘ங்க’ போயிருந்தது. திரையில் விரலை வைத்தாள். “மாலை ஏறுதா? இந்தோ, எறங்குது. மூச்சு கீது. மூச்சு இருக்கிறவன் மேல போட்ட மாலை சாவு மாலை ஆவாது. கல்யாணத்துலகூடத்தான் உனுக்கு மாலை போட்டாங்க.”

சொல்லிவிட்டு, அது உண்மைதானே என்று கேட்பது போல அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் போய்விடவில்லை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைத்திருந்தது, அவ்வளவுதான். திண்டிவனம் முழுக்கப் பார்த்துச் சிரித்த அந்த வயிற்றைச் சீனுவாசனும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். நன்றாகவே ஏறி இறங்கியது. ஊரில் இவ்வளவு பேர் சாட்சி சொன்ன மூச்சு வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

அப்போதுதான் ஆனந்தராஜ் சொன்னது நினைவுக்கு வந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம்; ஆனால் ஒரு பொய்யால் பட்டது போதும் என்று தோன்றியது. சாயந்திரத்துக்குள் இதை எடுத்துவிட்டு, அசையாத சாவாக மாற்றிப் போடுகிறான் என்றார்.

அம்சாவின் முகம் அப்பாவின் பேனரைப் பார்த்த அன்றைக்கு இருந்த மாதிரி ஆனது. போன் போடு என்றாள். போட்டார், சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டார், அதே குரல். வேலை செய்யும்போது அவன் போனை அணைத்துவிடுவான்.

வண்டியை எடுத்தார்கள். தூறல் ஆரம்பித்திருந்தது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த அம்சா ஒரு கையை மட்டும் அவர் வயிற்றைச் சுற்றிப் போட்டு, உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தாள். விழாமல் இருக்கப் பிடிக்கவில்லை, மூச்சை எண்ணிக்கொண்டு வருகிறாள் என்று அவருக்குக் கொஞ்ச தூரத்திலேயே புரிந்துவிட்டது. அதன் பிறகு அவரால் சாதாரணமாக மூச்சு விட முடியவில்லை. வேண்டுமென்றே இழுத்து இழுத்து விட்டார். டோல்கேட்டைத் தாண்டி ஒரு லாரி உரசினாற்போலப் போனபோது அந்தக் கை இறுகிய இறுக்கத்தில், இந்த ரோட்டிலேயே ஜோசியர் சொன்னது நடந்துவிடுமோ என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நினைத்தார்கள்.

ஆனந்தராஜின் ஸ்டுடியோ ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறை. நனைந்து நின்ற இருவரையும் பார்த்து எழுந்தான். கம்ப்யூட்டர் திரையில் சீனுவாசன் கல்லாகக் கிடந்தார். மாலை ஆடவில்லை. தாடி ஆடவில்லை. மெழுகுவத்திச் சுடர்கூட நிமிர்ந்த வாக்கில் உறைந்திருந்தது. எவ்வளவு பிரமாதமாகச் செத்திருக்கிறோம் என்று சீனுவாசனுக்கே திகைப்பாக இருந்தது. இதைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். இது நடிப்பு. அவர் அவசரமாக ஒரு மூச்சை இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டார்.

அம்சா திரையைப் பார்க்காமல் அவனை மட்டும் பார்த்துப் பேசினாள்.

“எம் புருசன் மூச்ச எடுத்துடாத தம்பி. இருந்துட்டுப் போவட்டும்.”

ஆனந்தராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாரும் கேலி பண்றாங்கம்மா, ஐயா பேரும் கெடுது, என் பேரும் கெடுது என்று ஆரம்பித்தான். சீனுவாசன் குறுக்கிட்டார்.

“என் பேரு கெட்டாப் பரவால்லப்பா” என்றார். “பேர வெச்சிக்கினு பேனர்தான் அடிப்பாங்க.”

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அம்சாவின் கை இன்னும் புருஷனின் வயிற்றுப் பக்கத்துச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தலையைச் சொறிந்தான், தங்கச்சிகூட அந்தச் சீனை மாத்தாதேன்னுதான் சொன்னா, ஏன்னு சொல்லல என்று முனகினான். பிறகு புதிதாகச் செய்ததை அழித்தான். திரையிலிருந்து கல் போனதும் அம்சா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். காலையிலிருந்து அதுதான் முதல் வாய்.

படம் அப்படியே இருக்கிறது. இன்னமும் ஆட்கள் பார்க்கிறார்கள், இன்னமும் சண்டை போடுகிறார்கள். மனசைத் தொட்டது என்று எழுதுகிறவரும் மகா அறுவை என்று எழுதுகிறவரும் அந்த இடத்துக்கு வந்ததும் கைகோத்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சீனுவாசன் கழனியில் குனிந்து நிமிரும்போதெல்லாம் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறார். சித்திரை இன்னும் வரவில்லை. தாடியைத் திருப்பதியில் இன்னும் இறக்கவில்லை.

நேற்று யாரோ புதிதாக எழுதியிருந்ததைக் கலைப்பிரியா தயங்கித் தயங்கிப் படித்துக் காட்டினாள். தமிழ் சினிமாவில் இவரைப் போல மோசமாகச் செத்தவர் யாருமில்லை என்று எழுதியிருந்தது. சீனுவாசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்சா கேப்பைக் களியைக் கிண்டிக்கொண்டே, அதுக்கு ஒரு லைக் போடும்மா என்றாள்.